உப்பு வணிகர் கொடுத்த கற்படுக்கை

கோயிலுக்குப் போகும்போது அண்ணாந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? குழல்விளக்கில் சிவப்பு மையால் ‘உபயம்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு பெயர், ஓர் ஊர், சில சமயம் ஒரு கடையின் பெயரும் இருக்கும். கேமரன் மலையில் தோட்டத்துக் கோயில்களுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். மின்விசிறியில் ஒரு லாரி முதலாளியின் பெயர், மணியில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் பெயர், படிக்கட்டுச் சலவைக்கல்லில் ஓய்வு பெற்ற ஒரு மண்டோரின் பெயர். விளக்கின் வெளிச்சத்தில் பாதியை எழுத்தே மறைத்துவிடுகிறது என்று கேலி செய்பவர்களும் உண்டு.

இப்போது ஒரு கற்பனை செய்யுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிகின்றன. தேயிலைச் செடிகள் இல்லை. பலகையும் தகரமும் கொண்டு கட்டிய லயங்கள் மக்கி மண்ணாகிவிட்டன. கோயிலின் கல் பகுதியும் அதில் வெட்டிய பெயர்களும் மட்டும் மிஞ்சுகின்றன. அங்கு வரும் ஆராய்ச்சியாளர்களில் அவசரக்காரர் ஒருவர், “இங்கே பூசாரிகள் மட்டுமே வாழ்ந்தார்கள்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பொறுமைசாலி ஒருவரோ பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். லாரி, காய்கறி, மண்டோர் என்று குறித்துக்கொண்டே போனால், அந்த மலையில் மக்கள் என்ன விளைவித்தார்கள், எதை விற்றார்கள், யாருக்குக் கீழ் யார் வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அவர் கையில் சேரத் தொடங்கும்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது.

அழகர்மலையின் பட்டியல்

மதுரைக்கு வடக்கே அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டி என்ற ஊரை ஒட்டி இயற்கையான பெரிய குகைத்தளம் ஒன்று உண்டு. உள்ளே பாறைத் தரையில் வரிசையாகப் படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தலை வைக்கும் பக்கம் சற்று மேடாக, கல்லிலேயே தலையணை. ஊர்மக்கள் இத்தகைய இடங்களைப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பார்கள். தொல்லியல் துறையினர் ‘சமணர் படுக்கை’ என்கிறார்கள். துறவிகள் மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்குவது சமண மரபு. அப்படித் தங்குவதற்காக அமைக்கப்பட்டவை இவை.

துறவிகளைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் காட்ட விரும்புவது படுக்கைகளுக்குப் பக்கத்திலும் குகையின் நெற்றியிலும் தமிழி எழுத்தில், அதாவது தமிழ்-பிராமியில், வெட்டப்பட்டிருக்கும் பெயர்களை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளை ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார். கொடை கொடுத்தவர்களைப் பாருங்கள்: மதுரைப் பொன் கொல்லன் ஒருவர். உப்பு வணிகர் ஒருவர். பாணித வணிகர் ஒருவர். பாணிதம் என்றால் கரும்புப் பாகு. கொழு வணிகர் ஒருவர். கொழு என்பது ஏர்க்கலப்பையின் இரும்பு முனை. அறுவை வணிகர் ஒருவர். அறுவை என்றால் துணி.

கடைசிச் சொல்லைப் படித்ததும் என் மாணவர்கள் சிரிப்பார்கள். இன்று ‘அறுவை’ என்றால் மருத்துவமனை நினைவுக்கு வரும், இல்லையென்றால் சலிப்பூட்டும் பேச்சு. தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் அது அறுவை. துணித்து எடுப்பதால் துணி. இரண்டு சொற்களும் ஒரே செயலிலிருந்து பிறந்தவை.

இந்தச் சிறிய பட்டியலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். மதுரை கடற்கரையில் இல்லை. அங்கே உப்பு வணிகர் இருந்தார் என்றால் கடலோர உப்பளத்திலிருந்து உள்நாட்டுக்கு உப்பு வண்டிகள் தவறாமல் வந்தன என்று பொருள். பாணித வணிகர் இருந்தார் என்றால் கரும்பு பயிரானது, அதைப் பிழிந்து காய்ச்சத் தெரிந்திருந்தது, வீட்டுத் தேவைக்கு மேல் விற்பனைக்கும் மிஞ்சியது. எனக்கு மிகவும் பிடித்தவர் கொழு வணிகர். கலப்பை முனையை மட்டும் விற்றே ஒருவர் பிழைக்க முடிந்தது, அதிலும் மிச்சம் பிடித்து அறம் செய்ய முடிந்தது என்றால், இரும்பு முனை பொருத்திய கலப்பை எத்தனை உழவர்களின் கையில் இருந்திருக்க வேண்டும்! இலக்கியத்தில் மன்னர்களின் போர்கள் நிறைய வருகின்றன. கலப்பை முனைக் கடைக்காரரின் பெயர் நமக்குக் கிடைப்பது இந்தப் பாறையில்தான்.

அழகர்மலை தனி ஒன்றல்ல. மாங்குளத்துக் குகைத்தளங்களில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயரோடு ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்ற குழுவும் கொடையாளராக வருகிறது. நிகமம் என்றால் வணிகர் சங்கம். வெள்ளறை, அருகிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டி என்று கருதப்படுகிறது. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர இளவரசன் இளங்கடுங்கோவுக்காக ‘அறுத்த கல்’ என்ற வாசகம் இருக்கிறது. அதே குன்றில் கருவூரைச் சேர்ந்த பொன் வணிகரும் ஓர் எண்ணெய் வணிகரும் தங்கள் பெயரைப் பதித்திருக்கிறார்கள். அரச குடும்பத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கடைக்காரர்!

இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு நுணுக்கம். இந்தக் கல்வெட்டுகளில் பல இடங்களில் வினைச்சொல் பிறவினையாக வருகிறது: ‘செய்பித்த’, ‘கொட்டுபித்த’. செய்தவர் வேறு, செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவர் வேறு என்பதை அந்த ஒரு ‘பி’ சொல்லிவிடுகிறது. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் மட்டும் கொஞ்சம் மாறுதல். அங்கே ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் வழுவழுப்பான 17 படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றருகே, ‘இளயர் செய்த’ இருக்கை என்று தன்வினையில் இருக்கிறது. உளி பிடித்த கையின் பெயரே அதுவாக இருக்கலாம். கொடையாளரையே அப்படிக் குறித்திருக்கவும் கூடும். மற்ற இடங்களில் கல்லைக் கொத்தியவர் பெரும்பாலும் பெயரில்லாமலே போய்விட்டார்.

ஏன் வீடே குடையவில்லை?

இங்கே அறிவியலுக்கு வருவோம். துருக்கியின் நடுப்பகுதியில் கப்படோக்கியா என்ற வட்டாரம் இருக்கிறது. பைசாந்தியப் பேரரசின் காலத்தில் அங்கே மக்கள் பாறையைக் குடைந்து வீடு, சமையலறை, தொழுவம், தேவாலயம் எல்லாம் அமைத்தார்கள். நிலத்துக்கடியில் நகரங்களையே குடைந்தார்கள். தெரின்குயு என்ற இடத்தில் அது ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை போகிறது. தமிழ் நிலத்தில் உளியும் இருந்தது, கொல்லரும் இருந்தார், பாறையும் ஏராளம். ஆனாலும் நம் ஆட்கள் ஆளளவுப் படுக்கையை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். திறமைக் குறைவா?

இல்லை, பாறைதான் வேறு.

கப்படோக்கியாவின் பாறை எரிமலைச் சாம்பலால் ஆனது. எர்சியஸ், ஹசன் முதலிய எரிமலைகள் உள்ள அந்த வட்டாரத்தில், பல இலட்சம் ஆண்டுகளாக வெடிப்புகள் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று இலேசாகவே ஒட்டியிருக்கின்றன. சாதாரண இரும்புக் கொத்தியாலேயே அதைச் செதுக்கலாம்; வெட்டிய பரப்பு காற்றுப் பட்டபின் ஓரளவு கெட்டியாகவும் ஆகிவிடும். பிள்ளை பிறந்தால் பின்சுவரைக் கொத்தி இன்னோர் அறை சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மதுரை வட்டாரத்துக் குன்றுகள் கருங்கல் இனத்தைச் சேர்ந்தவை. நிலத்தின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில், படிகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தபடி உருவான பாறை அது. அதில் உள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6. சாதாரண எஃகு ஆணியோ ஏறத்தாழ 5½தான்! ஆனால் கனிமத்தின் கடினம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கடற்கரை மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். அதில் கட்டிய மணல்வீட்டைக் குழந்தையின் விரல் இடித்துவிடும். துகள் எவ்வளவு கடினம் என்பதோடு, துகளும் துகளும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கருங்கல் உடையாமல் தாங்கும் அமுக்கம் பொதுவாக 100 மெகாபாஸ்கலுக்கு மேல். கப்படோக்கியாவின் சாம்பல் பாறைக்குப் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது.

ஆகவே கருங்கல்லில் ஓர் அறை குடைவது அரசர் செய்யும் வேலை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயிலை எடுப்பித்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். பெருமைப்படலாம். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட குடைவரைகளைப் பார்த்தால் வேலை நடந்த முறை தெரியும். பாறை முகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் கட்டியை உடைத்து எடுத்திருக்கிறார்கள். விரல் விரலாக முன்னேற வேண்டிய வேலை அது. உப்பு வணிகரின் பணப்பைக்கு ஒரு படுக்கைதான் கட்டுப்படியாகும்.

‘குடைவரை’ என்ற சொல்லையும் ‘குகைத்தளம்’ என்ற சொல்லையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடைவரை மனிதர் குடைந்தது. குகைத்தளம் இயற்கை கொடுத்தது. ஆழத்தில் உருவான பாறையின் மேலிருந்த சுமை அரிப்பினால் நீங்கும்போது, பாறை சற்றே விரிந்து, வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரியும். உரிந்த பாளம் ஒன்று கீழே சரிந்து விழுந்துவிட்டால் அதன் மேலே கூரை போல் ஒரு துருத்தல் மிஞ்சும். மதுரைக் குகைத்தளங்கள் பலவும் இப்படிப்பட்ட துருத்தல்கள்தாம். கூரையை இயற்கை கொடுத்துவிட்டது. மனிதர் செய்ய வேண்டியிருந்தது மூன்று வேலைதான்: தரையைப் படுக்கையாக்குவது, மழைநீரைத் தடுப்பது, பெயரை வெட்டுவது.

நம் கேமரன் மலையும் கருங்கல் மலைதான். அப்படியென்றால் இங்கே ஏன் இத்தகைய குகைத்தளங்கள் கண்ணில் படுவதில்லை? மழை காரணம். மதுரையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மழை இங்கே பெய்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையில், வெட்டிய சரிவுகளைக் கவனியுங்கள். செம்மண் நடுவே உருண்டையான பெரிய கற்கள் புதைந்திருக்கும். அந்த மண்ணும் ஒரு காலத்தில் கல்தான்; உருண்டைகள் இன்னும் கரையாத மிச்சம். இந்த மலையைக் குடைந்து வீடு கட்டினால் அடுத்த மழைக்காலத்தில் செய்தித்தாளில் வந்துவிடும்.

கீழே பேராக்கில் நிலைமை வேறு. ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகள் சுண்ணாம்புக்கல். மழைநீரின் மென்மையான அமிலமே அதைக் கரைத்துக் குகை செய்துவிடுகிறது; உளிக்கு வேலை இல்லை. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் கண்டெடுக்கப்பட்ட ‘பேராக் மனிதன்’ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தியவர். அவரோடு ஆற்று நத்தை ஓடுகளும் கிடைத்தன. அந்த மனிதர்களின் அன்றாடச் சாப்பாடு அது.

தேநீர்க் குவளை கற்றுத்தரும் பாடம்

இப்போது மழைநீர். எளிய சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரு குவளையில் தேநீரை நிரப்பி, மிக மெதுவாக இன்னொரு குவளைக்குள் ஊற்றுங்கள். தேநீர் நேராக விழாது. விளிம்பைத் தாண்டிக் குவளையின் வெளிப்பக்கமாகவே வழிந்து உங்கள் கையைச் சுடும். ஆகவே ஆறிய தேநீரில் செய்யுங்கள். அதையே வாய் கூர்மையாக மடங்கிய பாத்திரத்திலிருந்து ஊற்றினால் ஒழுங்காக விழும். நீர் பரப்போடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் அதன் பரப்பு இழுவிசையும் சேர்ந்து அதை வளைவோடு கூட்டிச் செல்கின்றன. விளிம்பு திடீரென்று முறிந்தால் அந்தப் பிடி விடுபட்டு நீர் சொட்டாக விழுந்துவிடுகிறது.

குகைத்தளத்திலும் இதே சிக்கல். மழைநீர் பாறையின் உருண்ட நெற்றியில் இறங்கி, துருத்தலின் அடிப்பக்கமாகவே ஒட்டி ஓடி, உள்ளே படுத்திருப்பவர் முகத்தில் சொட்டும். அதற்காகக் குகையின் நெற்றியில் குறுக்கே நீளமாக ஒரு காடியை வெட்டினார்கள். நீர்வடி விளிம்பு என்பார்கள். காடியின் கூர்முனைக்கு வந்ததும் நீர் பிடி தளர்ந்து வெளியே விழும். உங்கள் வீட்டுச் சன்னலுக்கு மேலே நீட்டிய சிமெண்டுப் பலகையின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். நல்ல கொத்தனார் கட்டியதாக இருந்தால் அங்கே ஒரு சின்னப் பள்ளக் கோடு இருக்கும். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி, உத்தி ஒன்றுதான்.

கல்வெட்டுகள் பலவும் இந்தக் காடியை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கின்றன. காடிக்குக் கீழே உள்ள எழுத்து மழையில் நனையாது. எழுத்தைக் காக்கவே இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நாம் அவற்றைப் படிக்க முடிவதற்கு அந்த இடத்தேர்வு ஒரு முக்கியக் காரணம்.

வெப்பத்திலும் கப்படோக்கியாவுக்கும் மதுரைக்கும் வேறுபாடு உண்டு. பாறைக்குள் வெப்பம் மிக மெதுவாகவே நகரும். பகலின் சூடும் இரவின் குளிரும் மாறி மாறி வந்தாலும் ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்துக்குள் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கம் அடங்கப் பத்து மீட்டர் அளவுக்குப் பாறை வேண்டும். ஆழமாகக் குடைந்த கப்படோக்கியா வீட்டில் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே பெரிய மாற்றம் இருக்காது. மதுரைக் குகைத்தளம் முன்பக்கம் திறந்தது. காற்று அப்படியே உள்ளே வரும். அங்கே கிடைப்பது நிழலும், உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும் வழுவழுத்த கல்லும். மே மாதத்து மதுரைக்கு அது போதும். அதே படுக்கையில் நம் பிரிஞ்சாங்கில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள், விடிவதற்குள் எழுந்து ஓடிவிடுவீர்கள்!

எல்லாரும் துறவிகளா?

கப்படோக்கியாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் மதுரைக் குன்றுகளைப் படிப்பதற்கும் அது உதவும்.

அந்தப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் பாறையில் குடையப்பட்டிருக்கின்றன. பலவற்றின் சுவரெல்லாம் வண்ண ஓவியங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோம் தெ ஜெர்பானியோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவற்றைப் பெரும் உழைப்போடு பதிவு செய்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் ஓவியங்களையே பார்த்தார்கள். தேவாலயம் இவ்வளவு இருந்தால் இங்கே வாழ்ந்தவர்கள் துறவிகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பெரிய வளாகங்களையும் மடங்கள் என்றே எழுதினார்கள்.

பின்னால் சில ஆய்வாளர்கள், குறிப்பாகத் தாமஸ் மாத்யூசும் ராபர்ட் ஊஸ்டர்ஹவுட்டும், ஓவியமில்லாத அறைகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். சுவரில் தீவனத் தொட்டிகள் வெட்டிய குதிரை லாயங்கள். கூம்பு வடிவப் புகைபோக்கியுள்ள சமையலறைகள். தானியக் குழிகள், திராட்சை பிழியும் தொட்டிகள், எருவுக்காகப் புறா வளர்த்த மாடங்கள். விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடங்கள். மடமென்றால் துறவிகள் ஒன்றாக அமர்ந்து உண்ணும் நீண்ட கல்மேசை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூடங்கள் கோரெமே போன்ற சில இடங்களில் இருக்கவும் செய்கின்றன. ஆனால் முற்றத்து வளாகங்கள் பலவற்றில் அது இல்லை. தேவாலயங்களின் தரையில் பெரியவர்களோடு குழந்தைகளின் கல்லறைகளும் உண்டு. துறவிகளுக்குக் குழந்தைகளா?

அவற்றில் பல, பண்ணை வைத்து, குதிரை வளர்த்துக் குடும்பம் நடத்தியவர்களின் மாளிகைகள் என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. தேவாலயம் அந்த வீட்டுக்கு உரியது. நமக்கு இதில் வியப்பே வேண்டாம். பூசையறை இருப்பதால் உங்கள் வீட்டை யாராவது கோயில் என்று சொல்வார்களா?

மதுரைக் கல்வெட்டுகளின் கதையிலும் இப்படி ஒரு தடுமாற்றம் உண்டு. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882ஆம் ஆண்டு ராபர்ட் சூவெல் அறிவித்தார். எழுத்து பிராமி என்பதால் மொழி பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். அப்படிப் படித்ததில் பொருள் சரியாக அமையவில்லை. 1924ஆம் ஆண்டு கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் ழ, ள, ற, ன போன்ற தமிழுக்குரிய எழுத்துகள் அவற்றில் இருப்பதை எடுத்துக்காட்டி, மொழி தமிழ் என்று நிறுவினார். என்ன இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பார்த்தால் கண்ணெதிரே இருக்கும் ‘ழ’ கூடத் தெரியாமல் போகும்!

கொடுத்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

கப்படோக்கியாவில் வீடு பாறையிலேயே இருந்ததால் தப்பியது. தமிழ் நிலத்தில் உப்பு வணிகரின் வீடு மண்ணாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஓலையாலும் ஆனது. அது போய்விட்டது. அவர் அடுத்தவருக்கு வெட்டிக் கொடுத்த படுக்கை இருக்கிறது, அவர் படுத்த திண்ணை இல்லை.

ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அகழாய்வில் செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், மணிகள், விளையாட்டுக் காய்கள் கிடைத்திருக்கின்றன. கூடவே பெயர் கீறிய பானை ஓடுகள். அவற்றில் ஒரு பெயர் ‘ஆதன்’. அழகர்மலையில் கொடை கொடுத்த பொன் கொல்லரின் பெயரும் ஆதன்தான். இருவரும் ஒருவரல்லர், அந்தக் காலத்தில் நம் ஊர் முருகன், குமார் போல் வழங்கிய பெயர் அது. ஒரு பெயர் பாறையிலும் சமையல் பானையிலும் காணப்படுவதுதான் இங்கே முக்கியம். எழுத்து அரண்மனைக்குள் அடைபட்டிருக்கவில்லை; பரவலாகப் பலரும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தார்கள் என்று ஐராவதம் மகாதேவன் வாதிட்டதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், ‘நிகம’ என்ற சொல் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. கொழு வணிகரின் சரக்கும் கல்தச்சரின் உளியும் இப்படிப்பட்ட உலைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இலங்கையிலும் இதே காலத்து நீர்வடி விளிம்புக் குகைகள் ஏராளம். வவுனியா பக்கம் பெரியபுளியங்குளத்தில், ஒரு குகையைக் கொடுத்தவர் தம்மைத் ‘தமேட’, அதாவது தமிழ் வணிகர் விசாகன் என்று குறிப்பிடுகிறார். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கூடி அமர்வதற்கென்று ஒரு மேடை அமைத்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று இருக்கையில் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கப்பலோட்டி. நாற்காலியில் பெயர் போட்டு இடம் பிடிப்பது நேற்று வந்த பழக்கமில்லை போலிருக்கிறது.

கல்லுக்கு வந்த விலை

கருங்கல் கடினமானது, இரண்டாயிரம் ஆண்டு தாங்கியது, இனியும் தாங்கும் என்று நினைக்கிறீர்களா? மழையையும் வெயிலையும் அது தாங்கும். வைரக்கம்பி இழைப்பானையும் வெடிமருந்தையும் தாங்காது. மெருகேற்றிய கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் விலை ஏறியபோது மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் மளமளவென்று பாளங்களாக அறுக்கப்பட்டன. கீழவளவு போன்ற இடங்களில் கற்படுக்கை உள்ள குன்றின் சுற்றுப்புறத்திலேயே குவாரிகள் வந்தன. 2014ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரி சகாயத்தை நியமித்து இந்த முறைகேடுகளை விசாரிக்கச் சொன்னது.

அரிட்டாபட்டி இதில் தனியாகச் சொல்ல வேண்டிய ஊர். அங்கே கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த கொடை தமிழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே மலையில் சிவனுக்கு ஒரு குடைவரைக் கோயிலும், சமணச் சிற்பமும் உண்டு. சுனைகள், கழுகுகள், அரிய தாவரங்கள் என்று இயற்கையும் வளமானது. 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. டங்ஸ்டன் தேவையில்லாத பொருள் என்று நான் சொல்லவில்லை. உளியின் கூர்மைக்கே இன்று டங்ஸ்டன் கார்பைடுதான் பயன்படுகிறது. அது பூமியில் வேறு இடங்களிலும் கிடைக்கும். உப்பு வணிகரின் கையெழுத்து வேறெங்கும் கிடைக்காது.

மதுரைக்குப் போகும் நம் மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மனையும் அழகர்கோயிலையும் பார்த்துவிட்டுத் துணிக்கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அழகர்கோயில் வரை போனவர்களுக்குக் கிடாரிப்பட்டி தூரமில்லை. உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காலையிலேயே ஏறுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். எழுத்து உடனே கண்ணுக்குப் படாது. உச்சி வெயிலில் நேராக விழும் ஒளியில் பாறை ஒரே நிறமாகத் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். வெயில் இல்லையென்றால் கைப்பேசி விளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். நேரே முன்னாலிருந்து அடிக்க வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சிலர் சுண்ணக்கட்டியால் தடவுவார்கள், சாயம் பூசுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தவறாகத் தடவிய ஒரு கோடு அடுத்து வருபவருக்கு இல்லாத ஓர் எழுத்தைக் காட்டிவிடும். பிள்ளைகளோடு போனால் ‘வணிகன்’ என்ற சொல்லை முதலில் தேடச் சொல்லுங்கள். ‘வ’ ஒரு வட்டத்தின் தலையில் நிற்கும் கோடு போல இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் மற்ற எழுத்துகள் பின்னாலேயே வந்துவிடும்.